பீரோவில் பூட்டிய அறிக்கை

வணக்கம் அக்கா,

உங்கள் பள்ளிக்கூட நாட்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த பிறகுதான் இதை எழுதத் துணிவு வந்தது. நான் பிறந்தது திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமாகித் தென்னாப்பிரிக்காவுக்கு, டர்பன் வந்தேன், சாட்ஸ்வர்த்தில் இருக்கிறோம். மகளுக்கு ஒன்பது வயது, நான்காம் வகுப்பு. மூன்றாவது வரைக்கும் எப்படியோ ஓட்டிவிட்டாள். இந்த வருடம் தடுமாறுகிறாள். பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதி முடிப்பதற்குள் மணி அடித்துவிடுகிறது. வாய்ப்பாடு இன்றைக்குச் சொல்வாள், நாளைக்கு மறந்திருப்பாள். "வேறு பள்ளி பாருங்கள்" என்கிறார் ஆசிரியை.

கைக்குழந்தையாக இருந்ததிலிருந்தே உடம்பில் காப்பி நிறத் திட்டுகள் உண்டு. கண்ணாடி போடப் போன இடத்தில் கண் டாக்டர் அதைக் கவனித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். நியூரோஃபைப்ரோமடோசிஸ் வகை 1 என்று அறிக்கை வந்தது. தோலில் திட்டுகளும் நரம்புகளில் கட்டிகளும் வரக்கூடிய மரபணு நோயாம். அதைப் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். "பெண் பிள்ளை, வெளியே தெரிந்தால் நாளைக்கு யார் கட்டுவான்?" என்கிறார் மாமியார். கப்பல் ஏறி வந்த காலத்திலிருந்து அவர்கள் வம்சத்தில் இப்படி யாரும் இல்லையாம். என் அப்பாவும் அம்மாவும் அத்தை மகன், மாமன் மகள்; அதனால் வந்த வினை என்கிறார்.

மகளிடம் சொல்லலாமா? பள்ளியில் சொல்லலாமா? சனிக்கிழமை தமிழ் வகுப்பையாவது நிறுத்திவிடவா? என் பெயர் போட வேண்டாம் அக்கா.

*

அன்புள்ள தங்கைக்கு,

பெயரை எடுத்துவிட்டேன். மாமியார் சொன்னதை முதலில் பேசி முடித்துவிடலாம். அந்தப் பழி தலைமேல் இருக்கும்வரை உங்களால் வேறு எதையும் நிதானமாக யோசிக்க முடியாது.

உங்கள் பெற்றோர் சொந்தத்தில் கட்டியதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. சொந்தத்தில் கட்டுவதால் கூடும் நோய்கள் வேறு வகை. அவற்றில் அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று மரபணுவின் இரண்டு பிரதியும் பழுதாக இருந்தால்தான் நோய் வரும். இது அப்படி இல்லை. பதினேழாவது குரோமோசோமில் இருக்கும் ஒரு மரபணுவில் ஒரு பிரதி மாறியிருந்தாலே போதும். ஏறக்குறைய மூவாயிரம் பேரில் ஒருவருக்கு இருக்கிறது. எல்லா நாட்டிலும், எல்லாச் சாதியிலும், சொந்தத்தில் கட்டாதவர்களிடமும் இருக்கிறது. அதிலும் பாதிப் பேருக்கு இது பெற்றோரிடமிருந்தே வருவதில்லை. கருவாகும் சமயத்தில் புதிதாக ஏற்படும் மாற்றம். நீங்கள் சாப்பிட்டது, பார்த்தது, கிரகணத்தன்று வெளியே போனது எதுவும் காரணம் இல்லை.

மீதிப் பாதிப் பேருக்குப் பெற்றோரில் ஒருவருக்கு இருக்கும், சில சமயம் அது அவருக்கே தெரிந்திருக்காது. அதனால் நீங்களும் உங்கள் கணவரும் ஒருமுறை காட்டிக்கொள்ளுங்கள். தோலைப் பார்ப்பார்கள், அக்குளில் மச்சம்போலப் பொடிப்பொடியாகப் புள்ளிகள் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், கண் டாக்டர் விளக்குக் கருவி வைத்துக் கண்மணியைச் சுற்றிய நிறப் பகுதியைப் பார்ப்பார். யார் குடும்பம் என்று தீர்ப்புச் சொல்வதற்காக இல்லை. உங்களில் ஒருவருக்கு இருந்தால் அவருக்கும் வருடா வருடம் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். அடுத்த பிள்ளை பற்றி யோசிக்கிறீர்கள் என்றால் அதற்கும் இது தெரிய வேண்டும்.

எனக்கு இது அம்மாவிடமிருந்து வந்தது. அம்மா டர்பனில் ஒரு துணித் தொழிற்சாலையில் தைத்தவர். கையிலும் முதுகிலும் சின்னச் சின்ன உருண்டைகள் இருக்கும், கொழுப்புக் கட்டி என்று சொல்லி நீளக்கை ரவிக்கையால் மூடிக்கொள்வார். புதுத் துணிவெட்டு மாதிரி வந்தால் தாளில் இருக்கும் படத்தைப் பார்த்துத் துண்டுகளைச் சேர்க்க அவருக்கு வராது. யாராவது ஒருமுறை தைத்துக் காட்டினால் உடனே பிடித்துக்கொள்வார். வீட்டில் அவரை மந்தம் என்றார்கள், என் பாட்டி உட்பட. என் உடம்பில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவந்தபோது நான் நடுவயதை எட்டியிருந்தேன். ஒரு தோல் டாக்டர் கையைத் தூக்கச் சொல்லி அக்குளைப் பார்த்துச் சொன்னார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் விளக்கினேன். அம்மா கட்டிகளைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "அப்போ எனக்குக் கணக்கு வராததும் இதனாலதானா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். அன்று ராத்திரி முழுக்க அம்மா தன் பள்ளிக்கூடக் கதைகளைச் சொன்னார். அதற்கு முன்னால் அவர் பள்ளியைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

ஒன்பது வயதில் உங்கள் மகளுக்கு இது தெரியவந்திருக்கிறது. எங்கள் இருவருக்கும் கிடைக்காத ஒன்று அது. அதைப் பீரோவில் வைத்துப் பூட்டாதீர்கள்.

ஆஸ்பத்திரி உடம்பைப் பார்க்கும். வருடம் ஒருமுறை கண், முதுகெலும்பு, ரத்த அழுத்தம். இவற்றை விட்டுவிடக் கூடாது. கண் நரம்பில் கட்டி வருவது நூற்றில் பதினைந்து குழந்தைகளுக்கு, பெரும்பாலும் சின்ன வயதில். கண் பரிசோதனையை அவர்கள் வலியுறுத்துவது அதற்காகத்தான். ஒரு கட்டி வேகமாக வளர்ந்தாலோ ஓயாமல் வலித்தாலோ அடுத்த தேதிக்குக் காத்திருக்கக் கூடாது. ஆனால் இந்த நிலை உள்ள குழந்தைகளை அன்றாடம் அதிகமாகத் தொல்லைப்படுத்துவது கட்டி அல்ல, படிப்பு. பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குக் கற்றலில் சிரமம் உண்டு. பெரும்பாலானவர்களுக்கு அறிவுத்திறன் சராசரியை ஒட்டியேதான் இருக்கும். சிக்கல் குறிப்பிட்ட இடங்களில் வரும்: கவனத்தை நிறுத்துவது, கண்ணால் பார்த்ததைக் கையால் தாளில் கொண்டுவருவது, ஒரு வேலையை வரிசைப்படுத்திச் செய்வது, வாசிப்பு. "பலகையைப் பார்த்து எழுதுவதற்குள் மணி அடித்துவிடுகிறது" என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அது அப்படியே நான்.

ஆஸ்பத்திரி இதைப் பள்ளிக்குச் சொல்வதில்லை. பள்ளிக்கு ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார்கள் என்று தெரியாது. அங்கே ஒரு கோப்பு, இங்கே ஒரு கோப்பு, நடுவில் ஒரு குழந்தை தன்னைச் சோம்பேறி என்று நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. இரண்டையும் சேர்க்க இந்த ஊரில் உங்களைத் தவிர ஆள் கிடையாது. அதனால் பள்ளிக்குக் கட்டாயம் சொல்லுங்கள்.

எப்படிச் சொல்வது என்பதும் முக்கியம். வாசலில் நின்று ஆசிரியையிடம் பேசிவிட்டு வராதீர்கள். தென்னாப்பிரிக்காவில் 2014-லிருந்து சியாஸ் என்ற கொள்கை நடைமுறையில் இருக்கிறது. சிரமப்படும் மாணவரை அடையாளம் கண்டு, மதிப்பிட்டு, உதவி ஏற்பாடு செய்வதற்கான வழிமுறை அது. முதல் படிவமான எஸ்என்ஏ 1-ஐ வகுப்பாசிரியை நிரப்ப வேண்டும். பிறகு அது பள்ளியின் ஆதரவுக் குழுவுக்குப் போகும், அங்கேயும் தீராவிட்டால் மாவட்டக் குழுவுக்கு. இதிலெல்லாம் பெற்றோருக்கு இடம் உண்டு. மருத்துவர் நிரப்பித் தர வேண்டிய படிவமும் உண்டு, அதோடு உங்கள் அறிக்கையின் நகலைச் சேர்த்துக் கொடுங்கள். "வேறு பள்ளி பாருங்கள்" என்று ஒரு ஆசிரியை வாயால் சொல்வது முடிவாகாது. "எஸ்என்ஏ 1 போட்டாயிற்றா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். கேட்டதை அன்றைக்கே ஒரு மின்னஞ்சலாகவும் அனுப்பிவையுங்கள்.

தேர்வில் கூடுதல் நேரம், கேள்வியை வாசித்துக் காட்ட ஒருவர், சொல்வதை எழுத ஒருவர், தனி அறை என்று சலுகைகள் உண்டு. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுவரை இவற்றைக் கேட்கலாம். சின்ன வகுப்பிலேயே பதிவாகியிருந்தால் அப்போது கேட்பது சுலபம். வகுப்புக்கு இரண்டே விஷயம் கேளுங்கள், போதும்: பலகையில் எழுதுவதை அச்சிட்ட தாளாகக் கொடுக்க வேண்டும், ஒரு நேரத்தில் ஒரே கட்டளைதான் சொல்ல வேண்டும். நான்காம் வகுப்பில் நான்கு பாடம் ஆறாகிறது, ஆசிரியர்களும் மாறி மாறி வருவார்கள். மூன்றாவது வரை ஓடியது இப்போது நின்றதில் ஆச்சரியமே இல்லை.

சிறப்புப் பள்ளி என்றாலே பயப்பட வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன். 2001-ல் வந்த வெள்ளை அறிக்கை 6 என்ற அரசின் கல்விக் கொள்கை சாதாரணப் பள்ளி, கூடுதல் உதவி வசதிகள் சேர்த்த முழுச்சேவைப் பள்ளி, சிறப்புப் பள்ளி என்று மூன்றையுமே வைத்திருக்கிறது. சில பிள்ளைகள் சிறப்புப் பள்ளியில் போய் மலர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அது மதிப்பீட்டுக்குப் பிறகு, நீங்களும் உட்கார்ந்து பேசி எடுக்கிற முடிவாக இருக்க வேண்டும். ஒரு வகுப்பில் தொந்தரவு குறைய வேண்டும் என்பதற்காகப் பிள்ளையை நகர்த்தக் கூடாது.

சரி, மகளிடம் சொல்வது. சொல்லுங்கள், இந்த மாதமே சொல்லுங்கள். அவளுக்கு எதுவும் தெரியாது என்று நினைக்கிறீர்கள். பக்கத்துப் பிள்ளை முடித்துவிட்டது, தான் முடிக்கவில்லை என்பது தினமும் அவளுக்குத் தெரிகிறது. அதற்கு ஒரு காரணம் அவள் மனதில் ஏற்கெனவே இருக்கிறது. எனக்கு இருந்தது. நான் படித்தது பிரம்படி இருந்த காலம், 1996 பள்ளிச் சட்டம் அதைத் தடை செய்வதற்கு முன்னால். கவனக்குறைவுக்காக அடி வாங்கினேன், கையெழுத்துக்காக வாங்கினேன். அடியின் வலி போய்விட்டது. அடி வாங்க வேண்டியவள்தான் நான் என்ற நம்பிக்கை போக வெகு காலம் ஆயிற்று. இன்று பிரம்பு இல்லை. அந்த நம்பிக்கை உண்டாகப் பிரம்பு தேவையும் இல்லை.

இன்னொரு காரணமும் இருக்கிறது. தோலில் வரும் சின்னக் கட்டிகள் பெரும்பாலும் பருவ வயதில்தான் தொடங்கும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் குளியலறையில் தனியாக அதைக் கண்டுபிடிக்கும் பெண்ணுக்கு அது என்னவென்று முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

ஒன்பது வயதுக்கு ஏற்ற அளவில் சொன்னால் போதும். "உன் உடம்பில் இருக்கும் திட்டுக்கும் பலகையைப் பார்த்து எழுதக் கஷ்டமாக இருப்பதற்கும் காரணம் ஒன்றேதான். நீ பிறக்கும்போதே உன்னோடு வந்தது. உன் தப்பு இல்லை, என் தப்பும் இல்லை. நிறைய பேருக்கு இருக்கிறது. டாக்டர் கண்ணைப் பார்ப்பது அதற்காகத்தான். டீச்சரிடமும் சொல்லப் போகிறோம்." நோயின் பெயரையும் முழுசாகச் சொல்லிக்கொடுங்கள். கேள்வி கேட்டால் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். ஒரே நாளில் முடிகிற பேச்சு இல்லை இது. ஒன்று மட்டும்: இணையத்தில் படம் தேட அவளை விடாதீர்கள், நீங்களும் தேடாதீர்கள். அங்கே இருப்பவை மிகக் கடுமையான நிலைகள். ஒரே குடும்பத்தில், ஒரே மாற்றம் இருப்பவர்களுக்குள்ளேயே இது ஆளுக்கு ஆள் வேறு மாதிரி இருக்கும். நானும் அம்மாவும் அப்படித்தான்.

ஞாபக சக்திக்கு என்று யாராவது மருந்து விற்க வந்தால் வாங்காதீர்கள். வல்லாரைத் துவையல் செய்து கொடுங்கள், ருசிக்காக. இந்த நிலையில் கற்றலைச் சரிசெய்ய ரத்தக் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மாத்திரைகளைக் குழந்தைகளுக்குக் கொடுத்துச் சோதித்தார்கள், பலன் தெரியவில்லை. கவனக் குறைபாடு இருக்கிறது என்று முறையாக மதிப்பிட்டால் அதற்குரிய மருந்து சில பிள்ளைகளுக்கு உதவுகிறது. அதை மருத்துவரிடம் கேட்கலாம்.

மாமியாரின் கல்யாணக் கேள்விக்கு: பெண் பெரியவளானபின் அவளுக்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இது வர பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. அதை மறைத்து ஒரு கல்யாணம் செய்து வைப்பது அவளுக்கும் அநியாயம், வருகிறவனுக்கும் அநியாயம். ஆனால் அதை யோசிக்க வேண்டியவள் அவள், அந்த வயது வரும்போது. இன்று அவளுக்கு ஒன்பது. தெருவில், கோயிலில், கல்யாண வீட்டில் எல்லோருக்கும் நீங்கள் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. மகள், பள்ளி, வைத்தியர். இவ்வளவு பேருக்குத் தெரிந்தால் போதும். மற்றவர்களிடம் சொல்வதா வேண்டாமா என்பதைப் பிறகு அவளே பார்த்துக்கொள்வாள்.

தமிழ் வகுப்பை நிறுத்தாதீர்கள், அவளுக்குப் பிடித்திருக்கிறது என்றால். இரண்டு மொழி இருப்பதால் கற்றல் சிரமம் கூடும் என்பது சரியல்ல. என் விஷயத்தில் நான் முதலில் தடங்கலில்லாமல் வாசித்தது தமிழைத்தான், கோயில் பாடசாலையில், சாயங்காலத்தில். ஆங்கிலத்தில் ஒரே எழுத்து ஒவ்வொரு சொல்லிலும் ஒவ்வொரு சத்தம் போடும். தமிழில் எழுத்தைக் கூட்டினால் சொல் வந்துவிடும். ன, ண, ந இன்றுவரை எனக்குத் தடுமாறும், அது வேறு. எங்கள் வாத்தியார் முதலில் பாட வைப்பார், பாட்டு மனப்பாடமான பிறகுதான் அதே வரிகளைப் பலகையில் காட்டுவார். காதால் தெரிந்த வரியைக் கண்ணால் பின்தொடர்வது எனக்கு எளிதாக இருந்தது. அந்த வழியிலேயே ஐஸ்டெட்ஃபட் என்ற கலைப் போட்டியில் மேடை ஏறினேன். பள்ளியில் கடைசி பெஞ்சில் இருந்தவள் அங்கே முதல் வரிசையில் நின்றேன். உங்கள் தமிழ் ஆசிரியையிடமும் அறிக்கையைப் பற்றிச் சொல்லி, எழுத்துத் தேர்வைக் கொஞ்ச காலத்துக்கு விட்டுவிட்டு வாயால் கேட்கச் சொல்லுங்கள்.

இந்தப் பதிலையும் நான் போனில் பேசித்தான் எழுத்தாக்கினேன். அப்புறம் போனையே வாசிக்கச் சொல்லிக் கேட்டுத் திருத்தினேன். இந்த வசதி உங்கள் மகளின் போனிலோ டேப்லெட்டிலோ இப்போதே இருக்கிறது, காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. வீட்டுப் பாடத்தில் இன்றைக்கே தொடங்கலாம்.

பள்ளிக் குழுவைப் பார்க்கப் போகும்போது கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். பேசியது எல்லாவற்றையும் ஒருவர் குறித்துக்கொள்ள வேண்டும். படிவத்தில் என்ன எழுதினார்கள் என்று எனக்கு எழுதுங்கள். புரியாத வரி இருந்தால் சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அக்கா