வெட்சிச் செடி பூக்காமல், வண்ணத்துப்பூச்சிகளும் வராமல் இருந்தால் என்ன செய்வது?

தொட்டியில் வைத்து இரண்டு ஆண்டுகள் கடந்தும் வெட்சி சரியாகப் பூக்கவில்லை, கொழுந்து இலைகள் மஞ்சளாகவே விரிகின்றன, வண்ணத்துப்பூச்சி ஒன்றுகூட எட்டிப்பார்க்கவில்லை, என்ன உரம் இடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். உரத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால், நீங்கள் ஊற்றும் தண்ணீரைப் பாருங்கள் என்பதே என் பதில். இட்லிப்பூ என்றும் இக்ஸோரா என்றும் அழைக்கப்படும் இந்தச் செடியை எட்டு ஆண்டுகளாக வளர்த்து வருகிறேன். அவற்றுள் முதல் மூன்று ஆண்டுகளை உங்களைப் போலவே உரத்தை மாற்றி மாற்றி இட்டு வீணடித்தேன்.

வெட்சி, காப்பிச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்தது. காப்பியைப் போலவே இதற்கும் சற்று அமிலத்தன்மை உள்ள மண், அதாவது கார அமில நிலை (pH) 5 முதல் 6 வரை உள்ள மண்தான் ஒத்துவரும். மண்ணில் எவ்வளவு இரும்புச்சத்து இருந்தாலும், காரத்தன்மை ஏற ஏற அது நீரில் கரையாத வடிவுக்கு மாறி, வேருக்குக் கிடைக்காமல் போய்விடுகிறது. பச்சையம் உருவாவதற்கு இரும்பு தேவை. பழைய இலையில் ஏற்கெனவே சேர்ந்துவிட்ட இரும்பை எடுத்துக் கொழுந்துக்கு அனுப்பும் திறனோ செடிக்கு மிகக் குறைவு. அதனால்தான் அடியிலைகள் கரும்பச்சையாக இருக்க, நுனிக் கொழுந்து மட்டும் மஞ்சளாக வருகிறது. ஓர் இளம் இலையைப் பறித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நடு நரம்பும் கிளை நரம்புகளும் பச்சைக் கோடுகளாகவும், இடைப்பட்ட பரப்பு வெளிறிய மஞ்சளாகவும் தெரிந்தால் அது இரும்புப் பற்றாக்குறைதான். மாறாக அடியிலைகள் முதலில் மஞ்சளானால் தழைச்சத்தோ மக்னீசியமோ குறைகிறது என்று கொள்ளலாம்; அதற்கு வைத்தியம் வேறு.

நல்ல மண்ணில் நட்ட செடி ஓராண்டுக்குப் பிறகு ஏன் வெளிறுகிறது என்று எனக்கு நெடுநாள் விளங்கவில்லை. ஒருநாள் தண்ணீர் ஊற்றும் வாளியைக் கழுவும்போது அதன் உட்சுவரில் நகத்தால் சுரண்டினாலும் போகாத வெள்ளைப் படலம் படிந்திருப்பதைப் பார்த்தேன். தொட்டி மண்ணின் மேற்பரப்பிலும் விளிம்பை ஒட்டி அதே வெள்ளை. கடின நீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட்டு ஒவ்வொரு நாளும் சிறிது சிறிதாக மண்ணின் அமிலத்தைத் தின்றுகொண்டே இருந்திருக்கிறது. இது போதாதென்று, பூப்பதற்கு எலும்புத்தூள் இடுங்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டு இரண்டு கைப்பிடி போட்டிருந்தேன். எலும்புத்தூளில் இருப்பவை சுண்ணாம்புச்சத்தும் மணிச்சத்தும். முன்னது காரத்தை ஏற்றும், பின்னது மிகுந்தால் இரும்பு கிடைப்பதைத் தடுக்கும். ஆறு வாரத்தில் கொழுந்துகள் ஏறத்தாழ வெள்ளையாகவே வந்தன. செடி பட்டுப்போகாதது என் நல்ல காலம்.

உடனடி நிவாரணத்துக்கு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்டு) கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு இலைகளின் இரு பக்கமும் நனையும்படி தெளிக்கலாம். இரண்டு வார இடைவெளியில் மூன்று முறை போதும். அளவு கூடினால் இலை கருகும், தரையில் சிந்தினால் துருக்கறை படியும். ஆனால் இது காய்ச்சலுக்கு மாத்திரை போட்டுக்கொள்வது போன்றதுதான். நிலையான தீர்வு, செடியை வேர்க்கட்டு உடையாமல் எடுத்து, பாதியளவு மக்கிய இலையும் மீதி அளவில் செம்மண்ணும் நன்றாக அலசிய தென்னை நார்க்கழிவும் கலந்த புதிய கலவைக்கு மாற்றுவதும், முடிந்தவரை மழைநீரையே ஊற்றுவதும் ஆகும். தரையில் வளரும் செடியாக இருந்தால் கந்தகத் தூளைச் சிறிதளவு மண்ணில் கலக்கலாம். மண்ணில் வாழும் நுண்ணுயிரிகள் அதை அமிலமாக மாற்றச் சில வாரங்கள், சில வேளை மாதங்கள்கூட ஆகும், ஆகவே அவசரப்பட்டு இரட்டிப்பாகப் போட்டுவிட வேண்டாம். சிமெண்ட் பூச்சுள்ள சுவரை ஒட்டி வெட்சியை நடக்கூடாது என்பதற்கும் காரணம் அதுவே: சுவரிலிருந்து கசியும் சுண்ணாம்பு. பயன்படுத்திய தேயிலைத் தூளைப் போட்டால் மண் அமிலமாகிவிடும் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அது நல்ல மக்கு, அவ்வளவுதான்.

வெயில் நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேரடியாகப் பட வேண்டும். கவாத்து குறித்துச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இலை பச்சையாக இருந்தும் பூக்காத செடிகளில் பெரும்பாலும் குற்றம் கத்தரிக்கோலுடையது. வெட்சியின் பூங்கொத்து கிளையின் நுனியில் மட்டுமே தோன்றும். வேலி போல ஒழுங்காக இருக்க வேண்டும் என்று மாதம் ஒருமுறை மேலே சமமாக வெட்டிக்கொண்டிருந்தால், ஒவ்வொரு முறையும் வரவிருந்த மொட்டைத்தான் வெட்டி எறிகிறோம். ஒரு கொத்து வாடியதும் அதற்குக் கீழே இரண்டாவது கணுவுக்கு மேல் வெட்டுங்கள். வெட்சியின் இலைகள் எதிரெதிராக அமைந்தவை என்பதால், அந்தக் கணுவிலிருந்து இரண்டு கிளைகள் புறப்படும்; ஒரு கொத்து இருந்த இடத்தில் அடுத்த முறை இரண்டு கொத்துகள்.

இனி வண்ணத்துப்பூச்சிகள். பூங்கொத்திலிருந்து ஒரே ஒரு பூவைப் பறித்துப் பாருங்கள்: நான்கு இதழ்களுக்குக் கீழே நூல் போன்ற ஒரு குழல், சிவப்பு வெட்சியில் ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் நீளம். குழலுக்கு வெளியே ஊசிபோல் நீட்டிக்கொண்டிருக்கும் சூல்தண்டை மெல்ல உருவினால் அதன் அடியில் ஒரு துளித் தேன் மின்னும். தேனீயின் நாக்கு அந்த ஆழத்துக்கு எட்டாது. சுருள் உறிஞ்சுகுழல் படைத்த எலுமிச்சை அழகி, கறிவேப்பிலை அழகி போன்ற பெரிய வண்ணத்துப்பூச்சிகளுக்கு எட்டும். தேனீக்களுக்குத் தெரியாத சிவப்பு நிறமும் அழகிகளின் கண்ணுக்குத் தெரியும். அந்தப் பூவில் இன்னொரு நுட்பமும் உண்டு: மொட்டு விரிவதற்கு முன்பே மகரந்தப்பைகள் வெடித்து, மகரந்தம் சூல்தண்டின் நுனியில் ஒட்டிவிடுகிறது. பூ விரிந்தபின் அந்தத் தண்டு முதலில் மகரந்தத்தை வருபவரின் தலையில் பூசுகிறது, அதன் பிறகே அதன் நுனி இரண்டாகப் பிளந்து, வேறொரு செடியிலிருந்து வரும் மகரந்தத்தை ஏற்கத் தயாராகிறது. அழகிகள் தேன் குடிக்கும்போதும் சிறகடித்துக்கொண்டே இருப்பதால், ஒரு கொத்தில் நொடிக்கணக்கில்தான் நிற்கும். ஆகவே ஒற்றைக் கொத்து அவற்றை இழுப்பது அரிது. நான்கைந்து செடிகளை நெருக்கமாக, காற்று அடிக்காத வெயிலிடத்தில் வையுங்கள். என் அனுபவத்தில் குட்டை வகைகளைவிட உயரமாக வளரும் சிவப்பு வகைக்கே விருந்தினர் அதிகம்.

வெட்சியில் மாவுப்பூச்சியும் அசுவினியும் வந்தால் மருந்தடிக்காமல் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி விரட்டுங்கள். இமிடாகுளோபிரிட் போன்ற, செடிக்குள் ஊடுருவிப் பரவும் மருந்துகள் தேனிலும் கலக்கும். வேப்பெண்ணெயும் வண்ணத்துப்பூச்சியின் புழுக்களை விட்டுவைக்காது.

தேன் கிடைக்கும் இடத்துக்கு வண்ணத்துப்பூச்சி வந்துபோகும்; முட்டையிட அதன் புழு தின்னும் செடி வேண்டும். மேற்சொன்ன இரு அழகிகளுக்கும் அது எலுமிச்சை அல்லது கறிவேப்பிலை. வெட்சிக்குப் பக்கத்தில் ஒரு எலுமிச்சைக் கன்றை வைத்த பிறகுதான் என் தோட்டத்தில் நாள்தோறும் நடமாட்டம் ஏற்பட்டது. இலையின் மேல் பறவை எச்சம் போல ஏதோ ஒட்டியிருந்தால் துடைத்துவிடாதீர்கள், அது இளம்புழு. சில நாளில் பச்சை நிறத்துக்கு மாறும், தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கொம்பு போன்ற ஓர் உறுப்பை நீட்டி நெடியடிக்கும். கன்றின் இலைகளில் பாதியை அது தின்று தீர்க்கும், அதற்காகவே வைத்த கன்று என்று விட்டுவிடுங்கள். பழத்துக்கு வேறொரு கன்றை வலைபோட்டு வளர்த்துக்கொள்ளலாம்.