லினக்ஸ் கெர்னல் ஹெடர்கள்: கேளுங்கள், சொல்கிறேன்

லினக்ஸின் மையமான கெர்னலோடு நிரல்கள் பேசத் தேவையான எண்களும் வடிவங்களும் எழுதியிருக்கும் கோப்புகள்தான் கெர்னல் ஹெடர்கள். அவற்றைப் பயனர் நிரல்களுக்கு எடுத்துத் தருவது என் அன்றாட வேலை. அதைப் பற்றி எதுவும் கேட்கலாம். ஒரே வேண்டுகோள்: சிஸ்டத்தின் இன்க்ளூட் கோப்புறையிலிருந்து கெர்னல் மூலநிரலுக்கு யாரும் சிம்லிங்க் (வேறொரு இடத்தைச் சுட்டும் குறுக்குவழி) போடாதீர்கள்.

கேள்வி: மூலநிரலை இறக்கிவிட்டேன். அதிலுள்ள இன்க்ளூட் கோப்புறையை நேரே கம்பைலருக்குக் காட்டினால் என்ன?

பதில்: காட்டிப் பாருங்கள், பிழைச் செய்திகள் பக்கம் பக்கமாக வரும். அங்கிருப்பதில் பெரும்பகுதி கெர்னல் தன் சொந்தப் புழக்கத்துக்கு எழுதிக்கொண்டது. அடுத்த பதிப்பில் காணாமல் போகலாம். நமக்கென்று வாக்குக் கொடுத்தவை சிஸ்டம் கால் (நிரல் கெர்னலிடம் வேலை கேட்கும் அழைப்பு) எண்கள், ஐஆக்டில் (கருவிகளுக்கான கட்டளை) எண்கள், அவற்றுக்கான ஸ்ட்ரக்டுகள் (தரவுக் கட்டமைப்புகள்). 2012 டிசம்பரில் வந்த 3.7 பதிப்பிலிருந்து இவை யூஏபிஐ (பயனர் நிரல்களுக்கான இடைமுகம்) என்ற தனிக் கோப்புறையில் இருக்கின்றன.

அதையும் அப்படியே அள்ளக் கூடாது. ‘மேக் ஹெடர்ஸ்_இன்ஸ்டால்’ கொடுங்கள். கெர்னலுக்கு மட்டுமான பகுதிகள் வெட்டப்படும், ‘__யூசர்’ போன்ற குறிகள் நீங்கும். இடம் சொல்லாவிட்டால் எல்லாவற்றையும் மூலநிரலுக்குள்ளேயே வைக்கும், சிஸ்டத்தைத் தொடாது. கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் இல்லாத கணினியில் பாதியில் நின்றுவிடும், அதை முதலில் நிறுவுங்கள்.

கேள்வி: உபுண்டுவில் லினக்ஸ்-ஹெடர்ஸ் நிறுவியும் என் நிரலுக்கு ஹெடர் கிடைக்கவில்லை.

பதில்: அது கெர்னல் மாட்யூல் (டிரைவர் போலக் கெர்னலுக்குள் ஏற்றும் துண்டு) கட்டுவோருக்கு. உங்களுக்கு வேண்டியது லினக்ஸ்-லிப்சி-டெவ். ஃபெடோராவில் மாட்யூலுக்குக் கெர்னல்-டெவெல், நிரலுக்குக் கெர்னல்-ஹெடர்ஸ். இப்படிப் பெயர் வைத்தவர்களை நானும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: மேடை விளக்குகளுக்கான டிஎம்எக்ஸ் கருவிக்குச் சீரியல் வேகம் 250000 வேண்டும். டெர்மியோஸ், டெர்ம்பிட்ஸ் ஹெடர்கள் இரண்டையும் சேர்த்தால் ‘ஸ்ட்ரக்ட் டெர்மியோஸ் மறுவரையறை’ என்கிறது.

பதில்: நல்ல கேள்வி. ஒரே பெயரில் இரண்டு ஸ்ட்ரக்டுகள். சி நூலகமான ஜிலிப்சியுடையதில் கட்டுப்பாட்டு எழுத்துகளுக்கு 32 இடம், எக்ஸ்86 கெர்னலுடையதில் 19. இரண்டும் ஒரே கோப்பில் குடியிருக்க முடியாது. வேகம் வைக்கும் வேலையைத் தனி சி கோப்புக்குக் கொண்டுபோங்கள். அங்கே கெர்னலின் டெர்ம்பிட்ஸையும் ஐஆக்டில் ஹெடரையும் மட்டும் சேர்த்து, டெர்மியோஸ்2 ஸ்ட்ரக்டில் ‘பாதர்’ (வேகம் தனி எண்ணாக வரும் என்று சொல்லும்) கொடியை ஏற்றி, வேகத்தை எண்ணாகவே எழுதுங்கள்.

கேள்வி: என் கெர்னல் 5.10, ஹெடர்கள் 6.1. நிரல் அடிக்கடி விழுகிறது. ஹெடர் ஓடும் கெர்னலோடு பொருந்த வேண்டாமா? சிம்லிங்க் போட்டால் எப்போதும் பொருந்துமே?

பதில்: வேண்டாம். போடாதீர்கள். நிரல் விழுவதற்குக் காரணம் வேறு எங்கோ இருக்கிறது. புதிய ஹெடரில் இருந்து பழைய கெர்னலில் இல்லாத சிஸ்டம் காலை அழைத்தால், ஈநோசிஸ் என்ற பிழை எண் திரும்பும், அவ்வளவுதான். தற்செயல் எண்கள் தரும் கெட்ரேண்டம் என்ற சிஸ்டம் கால் 2014இல் 3.17 கெர்னலில் வந்தது. அதைப் பயன்படுத்தும் நிரல்கள் ஈநோசிஸ் வந்தால் அதே வேலைக்கான யூரேண்டம் கோப்பைத் திறந்து வேலையை முடித்தன.

அதே நண்பர்: ஒப்பவில்லை. புதிய ஹெடரில் ஸ்ட்ரக்ட் பெரிதாகியிருந்தால் பழைய கெர்னல் குப்பையைத்தானே படிக்கும்?

பதில்: உங்களுக்கு முன்பே கெர்னல் எழுதுவோர் கவலைப்பட்டுவிட்டார்கள். ‘ஐஓடபிள்யூஆர்’ போன்ற மேக்ரோக்களால் ஆன ஐஆக்டில் எண்ணுக்குள்ளேயே ஸ்ட்ரக்டின் அளவு இருக்கிறது. அளவு மாறினால் எண்ணும் மாறும். பழைய கெர்னல் ‘தெரியாது’ என்று சொல்லிவிடும். குளோன்3, ஓபன்அட்2 போன்ற சிஸ்டம் கால்கள் ஸ்ட்ரக்டின் அளவைத் தனி மதிப்பாக வாங்குகின்றன. தனக்குத் தெரியாத கூடுதல் பைட்டுகள் பூஜ்யமாக இருந்தால் கெர்னல் ஏற்கும், இல்லையென்றால் ஈ2பிக் என்று மறுக்கும்.

இன்னொருவர்: குறுக்கிடுகிறேன். டாக்கர் கன்டெய்னரில் (நிரலைத் தனியே அடைத்து ஓட்டும் பெட்டி) ஹெடர்கள் உள்ளே, கெர்னல் வெளியே ஹோஸ்டில். பொருந்தித்தான் ஆகவேண்டும் என்றால் பாதி உலகம் நின்றிருக்குமே?

பதில்: இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், நன்றி. 5.10 நண்பரே, உங்கள் நிரலில் லினக்ஸ்_வெர்ஷன்_கோடை வைத்து எங்காவது முடிவெடுக்கிறீர்களா? அது கம்பைல் செய்தபோது இருந்த ஹெடரின் எண். ஓடும் கெர்னலின் எண் அல்ல.

அதே நண்பர்: …மூன்று இடத்தில் இருக்கிறது.

கேள்வி: இந்த ஹெடரைச் சேர்த்தால் என் நிரலுக்கும் கெர்னலின் ஜிபிஎல் உரிமம் ஒட்டிக்கொள்ளுமா?

பதில்: கோப்பின் முதல் வரிகளிலேயே ‘லினக்ஸ்-சிஸ்கால்-நோட்’ என்ற விலக்கு இருக்கும். சிஸ்டம் கால் வழியாகக் கெர்னலைப் பயன்படுத்தும் நிரலை அந்த உரிமம் பிடிக்காது என்பதே அதன் பொருள்.

கேள்வி: ஹெடருக்கு சிம்லிங்க் போட்டால்…

பதில்: மேலே படியுங்கள்.

கேள்வி: வைஃபை டிரைவர் கம்பைல் ஆகவில்லை.

பதில்: அது மாட்யூல். உபுண்டு பதிலைப் பாருங்கள்.

விளக்கு நண்பர்: தனிக் கோப்பாக்கினேன், கம்பைல் ஆகிவிட்டது. ஆனால் விளக்கு அசையவில்லை. பழைய வேகம் 9600.

பதில்: வேகத்தைக் குறிக்கும் ‘சிபாட்’ பிட்களை அழிக்காமல் பாதரைச் சேர்த்திருப்பீர்கள். 9600இன் பிட்களோடு பாதர் சேர்ந்தால் அது 3000000க்கான குறியீடு. முதலில் அழியுங்கள், பிறகு சேருங்கள்.