குத்துமதிப்பு

கேள்வி: முப்பது ஆண்டுப் பழைய எங்கள் வீட்டின் சமையலறையையும் இரண்டு குளியலறைகளையும் புதுப்பிக்கக் குத்துமதிப்பாக நான்கரை லட்சம் ஆகும் என்று மேஸ்திரி சொன்னார், ஒப்புக்கொண்டோம். நான்கு லட்சம் கொடுத்தாகிவிட்டது. வேலை முக்கால்வாசிதான் முடிந்திருக்கிறது. இப்போது எதிர்பாராத செலவு என்று மேலும் 1,40,000 ரூபாய் கேட்கிறார். தராவிட்டால் ஆட்களை வேறு இடத்துக்கு அனுப்பிவிடுவேன் என்கிறார். நாங்கள் ஏமாந்துவிட்டோமா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: ஏமாந்தீர்களா என்பதை உங்கள் சுவரைப் பார்க்காமல் என்னால் சொல்ல முடியாது, ஒரு கடிதத்தை மட்டும் நம்பி ஒரு தொழிலாளியை ஏமாற்றுக்காரர் என்று எழுதவும் எனக்கு மனம் வரவில்லை. உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய சொல் ‘குத்துமதிப்பாக’ என்பது. நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்தச் சொல்லின் மேல்தான் உங்கள் ஒப்பந்தம் முழுவதும் நிற்கிறது.

குத்துமதிப்பு மோசமான சொல் அன்று. களத்தில் தூற்றிக் குவித்த நெல்லைப் பார்த்து, இத்தனை கலம் தேறும் என்று அனுபவமுள்ள விவசாயி சொல்வதும் குத்துமதிப்புதான். ஆனால் அந்தக் குவியல் சொல்பவருக்கும் கேட்பவருக்கும் ஒரே மாதிரி கண்ணெதிரே கிடக்கிறது. அடுத்த நாழிகையில் மரக்கால் வந்துவிடும். கணக்கு அளந்ததன்படிதான் தீரும், வாயால் சொன்னதன்படி அன்று. பழைய வீட்டிலோ மதிப்பிட வேண்டிய பொருள் பூச்சுக்கு உள்ளே மறைந்திருக்கிறது. மரக்கால் கடைசிவரை வருவதே இல்லை. மேஸ்திரி நான்கரை லட்சம் என்றபோது அவர் மனத்தில் அது தொடக்கத் தொகையாகவும், உங்கள் மனத்தில் அதுவே முடிவான தொகையாகவும் பதிந்துவிட்டது. இருவரும் ஒரே எண்ணைத்தான் சொல்லிக்கொண்டிருந்தீர்கள் என்பதால் அந்த வேறுபாடு இத்தனை நாள் வெளியே தெரியவில்லை.

இதற்குத் துணைபோவது ‘சதுர அடிக்கு இவ்வளவு’ என்கிற பேச்சு. காலி மனையில் புது வீடு கட்டும்போது அந்தக் கணக்குக்கு ஓரளவு பொருள் உண்டு. புதுப்பிக்கும் வேலைக்கு அது பொருந்தவே பொருந்தாது என்று இந்தப் பக்கத்தில் பலமுறை எழுதியிருக்கிறேன். கட்டடத் தொழிலில் இருக்கும் வாசகர்கள் சிலர் கோபித்துக்கொண்டு கடிதமும் எழுதினார்கள். என் கருத்து மாறவில்லை. முப்பது சதுர அடிக் குளியலறை ஒன்றில் தரை, சுவர் ஓடுகளை மட்டும் மாற்றலாம். இன்னொன்றில் குழாய், வடிகால், நீர்க்கசிவுத் தடுப்பு, மேல்தளக் கம்பி எல்லாவற்றிலும் கை வைக்க வேண்டியிருக்கும். இரண்டுக்கும் ஒரே விலை சொல்பவர் ஒன்று தாம் நஷ்டப்படுவார், அல்லது பாதி வேலையில் உங்களிடம் வந்து நிற்பார்.

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். சமையலறை வேலைக்கு வந்த ஒப்பந்தக்காரர் நிலைப்படியில் நின்றபடியே ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு ஒரு தொகை சொன்னார். அவசரத்தில் நானும் தலையாட்டினேன். பழைய ஓடுகளைக் கொத்தி எடுத்ததற்குத் தனி, இடிபாட்டை அள்ளிய வண்டிக்குத் தனி, மணலை மாடிக்கு ஏற்றியதற்குத் தனி என்று வாரம் ஒரு கூடுதல் தொகை வந்தது. அடுத்த ஆண்டு குளியலறைக்கு வேறொரு முதிய கொத்தனாரை அழைத்தேன். அவர் விலை பேசவே இல்லை. சுத்தியலின் கைப்பிடியால் தரை ஓடுகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனார். ‘டொக்’ என்று வெற்றொலி வந்த இடங்களில் கரித்துண்டால் ஒரு கோடு கிழித்தார். பிறகு என் அனுமதியைக் கேட்டு, குழாய்க்குக் கீழே இருந்த ஓடு ஒன்றைப் பெயர்த்து, உள்ளிருந்த பழைய ஜி.ஐ. குழாயில் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) ஒரு விரற்கடைத் துண்டை அறுத்து என் கையில் கொடுத்தார். அரை அங்குலக் குழாய். உள்ளே துரு படிந்து படிந்து ஒரு பென்சில்கூட நுழையாத அளவுக்குத் துளை சுருங்கியிருந்தது. அப்போதுதான் நாற்பது பக்க நோட்டு ஒன்றை விரித்தார். இடப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரிந்த வேலைகளும் அவற்றின் தொகையும் இருந்தன. வலப்பக்கத்தில் மொத்தத் தொகை ஏதும் எழுதவில்லை. குழாய் மாற்றினால் ஓர் அடிக்கு எவ்வளவு, மேல்தளத்தில் கான்கிரீட் உதிர்ந்திருந்தால் கம்பியைத் தேய்த்துத் துரு நீக்கிப் பூச ஒரு சதுர அடிக்கு எவ்வளவு என்று வீதங்களை மட்டும் எழுதினார். வேலை முடிந்தபோது வலப்பக்கத்தின் கணக்கு இடப்பக்கத்தில் கால்பங்குக்கு மேல் போயிருந்தது. ஒரு வார்த்தை வாக்குவாதம் நடக்கவில்லை.

தெரியாத வேலைக்குத் தொகை பேசக் கூடாது, வீதம்தான் பேச வேண்டும் என்பதை அவரிடம்தான் கற்றேன். பொதுப்பணித் துறையிலும் இதே முறைதான். அங்கே அளவுப் புத்தகம் ஒன்று உண்டு. ‘எம் புக்’ என்பார்கள். மண்ணுக்குள்ளோ சுவருக்குள்ளோ மறைந்துவிடப் போகும் வேலையை, மூடுவதற்கு முன்பே அளந்து அதில் பதிந்தாக வேண்டும். வாழ்நாள் சேமிப்பைக் கொட்டும் வீட்டுக்காரர்களிடம் ஒரு நோட்டுகூட இல்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

இனி உங்கள் 1,40,000 ரூபாய்க்கு வருகிறேன். அதை ஒரே தொகையாக வைத்துக்கொண்டு பேரம் பேசாதீர்கள். எந்த வேலைக்கு எவ்வளவு என்று வரிவரியாக எழுதித் தரும்படி கேளுங்கள். அதில் முதலாவதாக, நடுவில் நீங்களே கேட்டுச் செய்தவை இருக்கும்: பரண் ஒன்று கூடுதலாக, ஓடு இன்னும் உயர்ந்த ரகத்தில் என்று எதையாவது நிச்சயம் சொல்லியிருப்பீர்கள். அவற்றுக்கு மறுக்காமல் கொடுங்கள். இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல் ஒருவர் செய்த வேலையின் பயனை நீங்கள் அனுபவித்தால், அதற்கு ஈடு தரவேண்டும் என்று 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 70ஆம் பிரிவு சொல்கிறது. எழுத்தில் இல்லை என்று தட்டிக்கழிப்பது நியாயமும் ஆகாது.

சுவரை உடைத்தபின் வெளிப்பட்டவை வேறு வகை. இரும்பு துருப்பிடித்தால் பருமன் கூடும். அந்த அழுத்தத்தில்தான் பழைய தளத்தின் அடிப்பூச்சு வெடித்து விழுகிறது. வெளியே நின்று பார்ப்பவருக்குக் கம்பியின் நிலை முழுவதும் தெரியாது. இத்தகைய வேலைக்குப் பணம் கேட்பதில் தவறில்லை. ஆனால் உடைத்த இடத்தை உங்களுக்குக் காட்டினாரா, எத்தனை அடி என்று அளந்தாரா என்று கேளுங்கள்.

மீதமுள்ளவைதான் சிக்கல். ஓடுகளைக் கொத்துவது, இடிபாடு அள்ளுவது, சாரம் கட்டுவது, பொருளை மாடிக்கு ஏற்றுவது எல்லாம் மேஸ்திரிக்கு முதல் நாளே தெரிந்த செலவுகள். இவற்றை எதிர்பாராதவை என்று அவர் சொன்னால் ஏற்காதீர்கள். பூச்சு வேலையில் மட்டும் அவர் பக்கத்தையும் கேளுங்கள்: 12 மில்லிமீட்டர் பூச வேண்டிய பழைய சுவர் கோணலாக இருந்து 24 மில்லிமீட்டர் பூச நேர்ந்தால், கலவை அப்படியே இரட்டிப்பாகும்.

அளவையும் நீங்களே சரிபார்க்கலாம். ஆறுக்கு ஐந்து அடிக் குளியலறையின் சுற்றளவு 22 அடி. ஏழடி உயரத்துக்கு ஓடு பதித்தால் 154 சதுர அடி. இரண்டரைக்கு ஏழு அடிக் கதவைக் கழித்தால் மீதி 136½. கதவைக் கழிக்காமல் கணக்கு எழுதியிருந்தால் கேள்வி கேளுங்கள். பூச்சுக்கு மட்டும் கழிவு விதி வேறு: ஐ.எஸ். 1200 என்ற இந்தியத் தர விதிப்படி, அரைச் சதுர மீட்டருக்கு, அதாவது ஏறக்குறைய ஐந்து சதுர அடிக்கு மேற்படாத திறப்பைக் கழிப்பதில்லை. அதற்கு மேல் மூன்று சதுர மீட்டர் வரை, இரு பக்கமும் ஒரே பூச்சு என்றால் ஒரு பக்கத்துக்கு மட்டுமே கழிக்க வேண்டும். திறப்பின் ஓரங்களைப் பூசும் உழைப்பு அதில் ஈடாகிவிடுகிறது. ஆகவே குளியலறையின் சிறு சன்னலை மேஸ்திரி கழிக்கவில்லை என்றால் அவர் செய்தது சரியே.

வேலையை நிறுத்திவிடுவேன் என்ற பேச்சுக்குப் பயந்து முழுத் தொகையையும் கொடுத்துவிடாதீர்கள். நம் ஊரில் கட்டட வேலைக்குச் சனிக்கிழமைதோறும் கூலி. கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் அன்று மாலை பணம் கொடுத்தாக வேண்டிய நெருக்கடி மேஸ்திரிக்கு இருக்கிறது. நீங்கள் முன்பு கொடுத்தது வேறு வீட்டுக் கூலியாகவும் போயிருக்கலாம். உங்கள் வீட்டில் உழைத்தவர்களின் கூலி நிற்கக் கூடாது. எனவே இந்த வாரத்துக் கூலியைக் கணக்கில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிடுங்கள். ஒப்புக்கொண்ட தொகையில் பத்தில் ஒரு பங்கையாவது கடைசிவரை நிறுத்திவையுங்கள். குளியலறையின் வடிகாலை அடைத்து ஒரு முழு நாள் தண்ணீரைத் தேக்கி, கீழேயும் பக்கத்துச் சுவரிலும் ஈரம் கசியவில்லை என்று பார்த்தபின் அதைக் கொடுங்கள்.

அதற்கும் அவர் இணங்காமல் பாதியில் விட்டுப் போனால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தர வேண்டும். ஆனால் அங்கேயும் முதலில் கேட்கப்போவது எழுத்தும் ரசீதும்தான். அதனால் வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில், ஆட்கள் இல்லாத நேரத்தில், அளவு நாடாவுடன் மேஸ்திரியை வரச் சொல்லுங்கள். நாடாவின் ஒரு முனையை நீங்கள் பிடியுங்கள். இன்னும் மூடாமல் இருக்கும் குழாய்களை அன்றே படம் எடுத்துவிடுங்கள்.