கையைக் குறை சொல்லாதீர்கள், குடத்தைப் பாருங்கள்

கேள்வி: பிறந்தது கும்பகோணம். கல்யாணமாகி தேவிபட்டினம் வந்து எட்டு மாதமாகிறது. அம்மா வீட்டுப் பித்தளை பில்டர், அதே கடைப் பொடி. ஆனாலும் காபி சப்பென்று இருக்கிறது, குடித்து முடித்ததும் நாக்கில் ஒரு கரிப்பு. "உனக்குக் கைப்பக்குவம் பத்தாது" என்கிறார் மாமியார். கணவர் அடிக்கடி இரவு ரயிலில் சென்னை போவார். பிளாஸ்க்கில் ஊற்றிக் கொடுக்கும் காபி விடிவதற்குள் கெட்டுப்போகிறது. என்ன செய்யலாம்?
- வாசகி, தேவிபட்டினம்

பதில்: எந்தத் தண்ணீரில் டிகாஷன் போடுகிறீர்கள் என்று எழுதவே இல்லையே! வீட்டு போர் தண்ணீர் என்றுதான் நினைக்கிறேன். நம் கரையோரத்தில் அது பாத்திரம் கழுவத்தான் ஆகும். குடிக்கிற தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை உப்புகள் இருக்கலாம், வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணயக் கணக்கு. காபிக்கோ 150 பக்கம் இருந்தால் போதும். போர் தண்ணீர் மாதிரிக் கடினத் தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட் என்ற பொருள், காபியின் இதமான புளிப்பை அடக்கிவிடும். அதுதான் அந்தச் சப்பு. கரிப்பு, உப்பின் வேலை. காய்ச்சினால் கரிப்பு சரியாகும் என்று நினைக்காதீர்கள். சுண்டச் சுண்ட உப்பு ஏறத்தான் செய்யும்.

தள்ளுவண்டியில் நான்கைந்து குடம் வைத்து நல்ல தண்ணீர் கொண்டுவருகிறோமே, அதில் ஒரு டம்ளர் டிகாஷனுக்கென்று எடுத்து வையுங்கள். குடம் குடமாகச் சுமக்கிற ஊரில் காபிக்குத் தனித் தண்ணீரா என்று மாமியார் கேட்கலாம். ஒரு டம்ளர்தானே! கேன் தண்ணீரும் ஆகும், சிலசமயம் புளிப்பு கொஞ்சம் தூக்கலாகத் தெரியும், அவ்வளவுதான்.

பில்டரை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஓட்டைகளில் வெள்ளையாக உப்பு படிந்து பாதி அடைத்திருக்கும். புளித்தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்துத் தேய்த்தால் விட்டுவிடும். பிறகு மூன்று குவியல் கரண்டி பொடி, பில்டரோடு வரும் குடையால் லேசாக ஓர் அழுத்து. கொதித்து அடங்கிய தண்ணீரைப் பொடி நனைகிற அளவுக்கு மட்டும் முதலில் விட்டு, அரை நிமிடம் கழித்து மீதியை ஊற்றுங்கள். எல்லாம் சேர்த்து 150 மில்லி. இறங்கிய டிகாஷனைத் திரும்பச் சூடுபண்ணாதீர்கள்.

அப்புறம் கடல்காற்று. பொடி இரண்டு வாரத்தில் நமுத்துவிடும். 100 கிராமுக்கு மேல் வாங்காதீர்கள், ஈரக்கரண்டி படவே கூடாது.

ரயிலுக்குப் பால் கலந்த காபி கொடுத்து அனுப்பாதீர்கள். நானும் ஒருமுறை அப்படி எடுத்துப் போய், செங்கல்பட்டு வருகையில் மூடியைத் திறந்தவுடன் பெட்டியே மூக்கைப் பொத்தியது. கெட்டி டிகாஷனைச் சர்க்கரை சேர்க்காமல் சின்ன எவர்சில்வர் பாட்டிலில் தனியாக ஊற்றுங்கள். பால்பொடியும் சர்க்கரையும் ஒரு டப்பியில். பிளாஸ்க்கில் முதலில் வெந்நீர் ஊற்றி ஐந்து நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டு, அப்புறம் கொதிநீரை விளிம்புவரை நிரப்பினால் விடியற்காலை வரை சூடு நிற்கும். டம்ளரில் பால்பொடியைச் சொட்டு வெந்நீர் விட்டுக் குழைத்து, பிறகு டிகாஷன், கடைசியில் மீதி வெந்நீர். பெட்டியில் செல்போன் சார்ஜ் போடுகிற இடத்தில் கெட்டிலைச் செருக ரயில்வே அனுமதிப்பதில்லை, அந்த யோசனையே வேண்டாம்.

பால்பொடி பிடிக்காதவர் என்றால் சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டியைத் தட்டிப்போட்டுக் கடுங்காபி குடிக்கச் சொல்லுங்கள். பயணத்துக்கு எனக்கு அதுதான் பிடிக்கும். ஆனால் வீட்டில் கருப்பட்டியைப் பாலோடு கொதிக்கவிடாதீர்கள், திரிந்துவிடும்.

நாளைக் காலை இரண்டு டம்ளர் போடுங்கள், ஒன்று போர் தண்ணீரில், ஒன்று குடத்துத் தண்ணீரில். எது எதுவென்று சொல்லாமல் மாமியாரிடம் நீட்டுங்கள். எந்த டம்ளர் முதலில் காலியாகிறது என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.