மனித மரபணுவுக்குக் காப்புரிமை உண்டா?

கேள்வி: என் தாயாருக்கும் பெரியம்மாவுக்கும் மார்பகப் புற்றுநோய் வந்ததால், என்னை மரபணுப் பரிசோதனை செய்துகொள்ளுமாறு மருத்துவர் அறிவுறுத்தியுள்ளார். அந்த மரபணுக்களுக்கு அமெரிக்க நிறுவனம் ஒன்று காப்புரிமை வைத்திருந்ததாகப் படித்தேன். உடலில் இயற்கையாக உள்ளது எப்படி ஒரு நிறுவனத்துக்குச் சொந்தமாகும்? இந்தியாவில் நிலை என்ன?
- வாசகி ஒருவர், மதுரை

பதில்: நீங்கள் படித்தது யூட்டா மாநிலத்தின் மிரியட் ஜெனடிக்ஸ் நிறுவனத்தைப் பற்றியது. பி.ஆர்.சி.ஏ.1, பி.ஆர்.சி.ஏ.2 ஆகிய மரபணுக்களில் தீங்கான பிறழ்வு இருந்தால், மார்பகத்திலும் சினைப்பையிலும் புற்றுநோய் வரும் வாய்ப்பு மிகவும் கூடுகிறது. 1990-களின் பிற்பகுதியில் இவற்றுக்குக் காப்புரிமை பெற்ற அந்நிறுவனம், உடலுக்குள் இருக்கும் மரபணுவை உரிமை கோரவில்லை. குரோமோசோமிலிருந்து பிரித்தெடுத்த டி.என்.ஏ. அந்த வடிவில் இயற்கையில் கிடைப்பதில்லை, ஆகவே அது புதிய பொருள் என்று வாதிட்டது. வாதம் நுட்பமானதுதான், விளைவோ கொடியது. அந்நிறுவனத்தின் அனுமதியின்றி அமெரிக்காவில் பிற ஆய்வகங்கள் இப்பரிசோதனையைச் செய்ய முடியாமற்போனதால், 3,000 டாலருக்கும் மேல் கட்டணம் செலுத்திய பெண்ணுக்கு, அறுவைச் சிகிச்சை பற்றி முடிவெடுக்கும் முன் அறிக்கையை வேறோர் இடத்தில் சரிபார்க்கும் வழிகூட இல்லாமலிருந்தது.

மருத்துவர்களும் நோயாளிகளும் 2009-இல் தொடுத்த வழக்கில், பிரித்தெடுத்த காரணத்தாலேயே மரபணு கண்டுபிடிப்பாகிவிடாது என்று 2013 ஜூன் 13 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஆனால் மரபணுவின் தகவலை உயிரணுவுக்குள் நகலாகச் சுமக்கும் ஆர்.என்.ஏ.விலிருந்து ஆய்வகத்தில் உருவாக்கப்படும் சி.டி.என்.ஏ.வுக்குக் காப்புரிமை பெறலாம் என்றும் கூறியது. இதில் எனக்கு உடன்பாடில்லை. 2015-இல் ஆஸ்திரேலியாவின் தலைமை நீதிமன்றம், மரபணுவின் சாரம் அதிலுள்ள தகவலே என்றும் அது மனிதர் ஆக்கியதன்று என்றும் கருதி, சி.டி.என்.ஏ.வையும் சேர்த்தே விலக்கியது. அதுவே நேரான பார்வை.

இந்தியக் காப்புரிமைச் சட்டம், 1970, பிரிவு 3(சி)-யின்படி இயற்கையில் உள்ள பொருளைக் கண்டறிவது காப்புரிமைக்குரிய கண்டுபிடிப்பாகாது. நோயறியும் முறைகளையும் பிரிவு 3(ஐ) விலக்குகிறது. இங்கு இப்பரிசோதனையைப் பல ஆய்வகங்கள் செய்வதால், ஐயமிருந்தால் மற்றோர் ஆய்வகத்தில் சரிபார்த்துக்கொள்ளலாம்.

மனிதர் மாற்றியமைத்த மரபணு விதைக்குள் சேர்ந்துவிட்டால் என்ன ஆகும் என்பதே இந்தியாவில் தீராத சிக்கல். பூச்சியைத் தாங்கும்படி மரபணு சேர்க்கப்பட்ட பி.டி. பருத்தி தொடர்பாக அமெரிக்க விதை நிறுவனமான மான்சாண்டோ வைத்திருந்த காப்புரிமையை 2018-இல் டெல்லி உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. 2019-இல் அத்தீர்ப்பை நீக்கிய உச்ச நீதிமன்றம், வழக்கை முழு விசாரணைக்குத் திருப்பி அனுப்பியது. 2021-இல் மான்சாண்டோவும் அதை எதிர்த்த இந்திய விதை நிறுவனமும் சமரசம் செய்துகொண்டதால், விதையின் அங்கமாகிவிட்ட மரபணுவுக்கு, தாவரங்களுக்கும் விதைகளுக்கும் காப்புரிமையை மறுக்கும் பிரிவு 3(ஜே) எந்த அளவு பொருந்தும் என்பதற்கு அவ்வழக்கில் விடை கிடைக்கவில்லை.