வெறும் வாழைத் தோட்டம்

வணக்கம் ஐயா,

புல்லட் வாங்கி ஆறு மாதம் ஆகிறது. கொங்கு நாட்டுப் போர்க்களங்களை வண்டியிலேயே பார்த்துவிடலாம் என்று கிளம்பி, ஓடாநிலை, சங்ககிரி, சத்தியமங்கலம் மூன்றையும் ஒரே நாளில் முடித்தேன். சங்ககிரி அருமை. சத்தியில்தான் ஏமாற்றம். 1790இல் திப்புவும் ஆங்கிலேயரின் கும்பினிப் படையும் மோதிய இடம் என்று தேடிப் போனால் வெறும் வாழைத் தோட்டம், ஒரு கல்கூட இல்லை. அடுத்து எங்கே போகலாம்? தூரப் பயணத்துக்கு என் வண்டி தாங்குமா?

ஒரு வாசகர், பெருந்துறை

அன்புள்ள தம்பிக்கு,

வண்டி தாங்கும். முதுகைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஓடாநிலையில் தீரன் சின்னமலை மணிமண்டபத்தின் முன்னால் படம் எடுத்திருப்பீர்கள், சரி. சங்ககிரி 1805இல் சின்னமலையைத் தூக்கில் போட்ட ஊர். அதற்குப் போய் ‘அருமை’ என்கிறீர்கள், போகட்டும்.

‘வெறும்’ என்றீர்களே, அதுதான் இரண்டு நாளாக உறுத்துகிறது. தோட்டத்துக்காரர் காதில் விழுந்திருந்தால் மண்வெட்டியோடு வந்திருப்பார்.

கெஜலட்டிக் கணவாய் வழியாக இறங்கிய திப்புவின் படை பூங்கார் துறையில் பவானியைத் தாண்டியது. தென்கரையில் கும்பினிப் படையோடு கர்னல் ஃபிளாய்ட். செப்டம்பர் 13, பகல் முழுக்கச் சண்டை. மறுநாள் அவர் கோவைப் பக்கம் பின்வாங்கினார். பீரங்கிகளில் சிலவற்றை அங்கேயே விட்டுவிட்டுப் போனார். இழுக்க மாடு இல்லை.

பல வருடம் முன்பு அப்பாவை டிவிஎஸ் 50இல் பின்னால் உட்காரவைத்து அதே கரைக்குக் கூட்டிப் போனேன். படித்ததையெல்லாம் ஒப்பித்தேன். திப்பு, குதிரைப்படை, தேதி எதுவும் அவர் காதில் ஏறவில்லை.

“மாட்ட எப்படா அவுத்து உட்டாங்க?” என்றார்.

எனக்குத் தெரியவில்லை. எந்தப் பக்கத்தில் படித்தேன் என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

“பொழுதன்னிக்கும் நொகத்துல நின்ன மாடு. வெடிச் சத்தம் வேற. தண்ணி காட்டுனாங்களோ என்னமோ. ராத்திரிக்கி மறுக்கா பூட்டுனா எப்படீடா இழுக்கும்?” செருப்பைக் கழற்றிவிட்டுக் கரை மேட்டில் இரண்டு எட்டு ஏறினார். பெருவிரலை மண்ணில் அழுத்திப் பார்த்தார். “இந்த ஏத்தத்துக்கு ஒரு சோடி பத்தாது.” பூட்டாங்கயிறு உரசி உரசி மாட்டின் கழுத்து புண்ணாகிக் காய்ப்பேறும் இடத்தைத் தன் கழுத்திலேயே தொட்டுக் காட்டினார். வீடு வரும்வரை வேறு எதுவும் பேசவில்லை.

செத்த கர்னல்களின் பெயரெல்லாம் கிடைக்கிறது. மாடுகள் யார் வீட்டுத் தொழுவத்தில் அவிழ்த்தவை? ஒரே நாளில் மூன்று ஊரைப் பறந்து பார்க்கிறவருக்கு இந்தக் கேள்வி வராது தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்து எங்கே என்றால், அங்கேயே. கெஜலட்டிக்கு மட்டும் கிளம்பிவிடாதீர்கள், அது புலிகள் காப்பகம். ஆற்றங்கரைக்குப் போய் எஞ்சினை அணையுங்கள். கிட்டத்தட்ட 190 கிலோ வரும் உங்கள் புல்லட்டை மேடு வரைக்கும் தள்ளுங்கள். தோட்டத்துக்காரர் வந்து “ஏனுங்க, வண்டிக்கு என்னாச்சுங்க?” என்று கேட்டால், மாடு செத்துப்போச்சுங்க என்று சொல்லுங்கள்.