கிள்ளு வாங்குனது ஒருத்தி, மிட்டாய் வாங்குனது இன்னொருத்தி

அன்புள்ள அக்கா,

சேலத்துல காலேஜ் ரெண்டாவது வருஷம் படிக்கறேன். ஏற்காட்ட வச்சு ஒரு நாவல் எழுதிட்டிருக்கேன். பதினாறு வயசு ரெட்டைப் பொண்ணுங்க. ஒருத்திக்கு நடக்கப்போறது முன்னாடியே தெரியும், இன்னொருத்திக்கு அடுத்தவங்க மனசுல நினைக்கறது கேக்கும். ரெண்டு பேரும் சேந்து ஃபிரெண்ட்ஸ ஆபத்துல இருந்து காப்பாத்தறாங்க. நாலு அத்தியாயம் அனுப்பியிருக்கேன். இந்த சக்தி எப்படி வந்துச்சுன்னு விளக்கணுமா? சாமின்னு சொல்றதா, சயின்ஸ்னு சொல்றதா? டீனேஜ் கதைய தமிழ்ல யாராவது படிப்பாங்களா? நல்ல பதிப்பகம் இருந்தா சொல்லுங்க.

ஒரு வாசகி

கண்ணு,

பதிப்பகத்த அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல எழுதி முடி. யாராவது படிப்பாங்களான்னு கேட்டிருக்க, நான் நாலு அத்தியாயத்தையும் ஒரே மூச்சுல படிச்சேன், போதுமா? சக்தி எப்படி வந்துச்சுங்கறது உன் இஷ்டம். சேர்வராயன் கோயில் குகைக்குள்ள குனிஞ்சு போயிட்டு வந்ததுல இருந்து இப்படின்னு ஒரு வரி போட்டுட்டு நகந்துடு, யாரும் கணக்கு கேக்க மாட்டாங்க. சயின்ஸ் பக்கம் மட்டும் போயிடாத. 1965ல அமெரிக்காவுல 15 ஜோடி ரெட்டையர தனித்தனி ரூம்ல உக்கார வச்சு, ஒருத்தர் கண்ண மூடினா இன்னொருத்தர் மூளை அலையும் மாறுதான்னு பாத்தாங்க. 2 ஜோடிக்கு மாறுச்சுன்னு 'சயின்ஸ்' பத்திரிகையிலயே வந்துச்சு. சோதனை பண்ண விதமே சரியில்லன்னு அப்புறம் மத்தவங்க பிச்சு எடுத்துட்டாங்க. பெரிய பத்திரிகைன்னு நம்பி அத கதைக்குள்ள தூக்கி வச்சிடாத.

நான் பதில் எழுத உக்காந்தது வேற விஷயத்துக்கு. போன மாசம் அம்மாபேட்டையில சொந்தத்துல ஒரு கல்யாணம், எங்க சித்தி பொண்ணுங்க ரெண்டு பேரும் வந்திருந்தாளுங்க, ரெட்டை. தலையெல்லாம் நரைச்சாச்சு, இப்பவும் அந்த வீடியோக்காரப் பையன் ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல நிக்க வச்சு ஒரே மாதிரி சிரிக்கச் சொல்றான். சின்னவ மூஞ்சி போன போக்க பாத்ததுல இருந்து எனக்கு இதே நினைப்புதான், அதுக்குள்ள உன் கடிதம்.

சின்ன வயசுல அவளுங்கள தெருவே கிள்ளும். சும்மா சொல்லல. "ஒருத்திக்கு வலிச்சா இன்னொருத்திக்கு வலிக்குமாமே"ன்னு தறி ஓட்டிட்டிருக்கறவங்க கூட எந்திரிச்சு வந்து சின்னவ கைய நறுக்குன்னு கிள்ளிட்டு பெரியவ மூஞ்சியப் பாப்பாங்க. பெரியவ கெட்டிக்காரி, ரெண்டாவது தடவையே புரிஞ்சுகிட்டா. அங்க கிள்ளினா இங்க "ஆ"ன்னு ஒரு கத்து, கண்ணுல தண்ணி வேற வரும், உடனே பெட்டிக்கடையில இருந்து தேன் மிட்டாய் வந்துடும். யாருக்கு? கத்துனவளுக்கு. நிஜமா கிள்ளு வாங்கினவ கையத் தேச்சுகிட்டு நிப்பா, அவள ஒருத்தரும் பாக்க மாட்டாங்க, ஏன்னா கிள்ளினா வலிக்கறதுல என்ன அதிசயம்? ராத்திரி ரெண்டும் முடியப் பிடிச்சுகிட்டு உருளும். சித்தி வெளக்கமாத்த எடுத்துட்டு வந்து எது எதுன்னு தெரியாம ரெண்டுக்கும் போடும்.

இப்ப உன் நாலாவது அத்தியாயத்துக்கு வா. கிளியூர் அருவியில அந்தப் பையன் பாசியில வழுக்கறத ஒருத்தி முந்தின ராத்திரியே பாத்துடறா, விடிய விடிய தூங்கல, வாந்தி எடுக்கறா. மறுநாள் இன்னொருத்தி ஓடிப்போய் அவன் கையப் பிடிச்சு இழுக்கறா. எல்லாரும் அவளக் கட்டிப்பிடிச்சு அழறாங்க. பாத்தவ என்ன பண்றா? "புன்னகைத்தாள்"னு எழுதியிருக்க! எனக்கு வந்த கோவத்துல ஃபோனத் தூக்கிப் போட்டிருப்பேன். எப்படிடி புன்னகைப்பா? மிட்டாய் யாருக்குப் போச்சுன்னு அவ பாக்க மாட்டாளா? அதுவும் மத்தவ மனசு கேக்கற தங்கச்சிக்கு, அக்கா உள்ள என்ன நினைக்கறாங்கறது கேக்கவே கேக்காதா? நீ எழுதாம விட்டது அதத்தான். ரெண்டு பேருக்கும் ஒரே மனசுன்னு நீயா முடிவு பண்ணிட்ட. ஒரே கருவுல இருந்து பிரிஞ்சதுங்களுக்கே கைரேகை வேற வேறதான் கண்ணு. அந்தத் தெருக்காரங்க கிள்ளிப் பாத்தாங்க, நீ எழுதிப் பாக்கற, அவ்ளோதான்.

அடுத்த ஆபத்து வரும்போது பாக்கறவ சொல்லாம இருந்துடட்டும். ஒரே ஒரு தடவ, வேணும்னே. அப்ப தங்கச்சிக்கு அது கேக்கட்டும். அந்த ஃபிரெண்ட்ஸ் கூட்டத்துல ஒருத்தி இவளுங்க முதுகுக்குப் பின்னாடி என்ன நினைக்கறாள்னு தெரிஞ்சும் அவளயே காப்பாத்த வேண்டி வரட்டும். அப்ப பாரு கதை எங்க போகுதுன்னு. நல்லா எழுதற கண்ணு, அதனாலதான் இவ்ளோ திட்டறேன்.

இன்னொன்னு. கொளுத்தற மே மாசம், மழையே இல்லன்னு எழுதிட்டு அடுத்த பக்கத்துல அருவி பொங்கி விழுதுன்னு எழுதியிருக்க. கிளியூர்ல 300 அடி விழறது ஏற்காடு ஏரி நிரம்பி வழியற தண்ணி. மழை இல்லன்னா வெறும் பாறைதான், பாசியும் காஞ்சு கெடக்கும், எவன் வழுக்குவான்? ஒண்ணு மாசத்த மாத்து, இல்ல மழையக் கொண்டு வா. உள்ளூர்ப் பொண்ணு நீயே இப்படி எழுதலாமா?

நாலாவத மட்டும் திருத்தி அனுப்பு. பத்தி பிரிச்சு அனுப்பு, எனக்குக் கண்ணாடி மாத்தியும் உன் எழுத்து நெருக்கியடிச்சுதான் தெரியுது.